பேட்டரிக்குள்ளே ஒரு கரிக்கதை

பி.காம் படிக்கிறவனுக்கு பேட்டரியில் என்ன வேலை என்று வகுப்பில் யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இது வேதியியல் பாடம் இல்லை. நல்ல சரக்கு என்று ஊரே சொன்ன ஒரு பொருள் சந்தையில் ஏன் தோற்றது, யாரும் கண்டுகொள்ளாத ஒரு பொருள் ஏன் ஜெயித்தது என்ற கதை. அப்படிப் பார்த்தால் இது நம்ம ஏரியாதான் :-)

1991ல் ஜப்பானில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்னொன்று, என்.இ.சி. நிறுவனத்தின் ஆய்வாளர் சுமியோ இஜிமா, கரிப்புகையில் கண்ட நுண்ணிய குழாய்களைப் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். அதுதான் கார்பன் நானோ குழாய் என்று உலகம் முழுக்கப் பிரபலமானது. முதல் விஷயத்திலும் கார்பன், இரண்டாவதிலும் கார்பன். அடுத்த பத்து வருடத்தில் இந்த நானோ குழாய் அந்த பேட்டரிக்குள் புகுந்து பழைய கரியை வெளியே தள்ளிவிடும் என்று நிறைய பேர் நம்பினார்கள், பணமும் போட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் போனின் பேட்டரியைப் பிரித்தால் (தயவுசெய்து பிரிக்காதீர்கள்!) எதிர்முனையில் பெரும்பாலும் இருப்பது கிராஃபைட். பென்சிலில் இருக்கிறதே, அந்தக் குடும்பம்தான். என்ன ஆயிற்று நானோ குழாய்க்கு? அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உலோகங்களிலேயே எடை குறைவானது லித்தியம். அதை வைத்து பேட்டரி செய்தால் கையடக்கமாக நிறைய மின்சாரம் கிடைக்கும் என்பது பழைய ஆசை. 1973 எண்ணெய் நெருக்கடி சமயத்தில், எண்ணெய் விற்கிற எக்ஸான் கம்பெனியே எண்ணெய்க்கு மாற்று தேடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்காம், ஒரு பக்கம் டைட்டானியம் டைசல்ஃபைடு, மறுபக்கம் லித்தியம் உலோகம் என்று வைத்து ரீசார்ஜ் செய்யக்கூடிய பேட்டரி ஒன்றைச் செய்து 1976ல் கட்டுரை வெளியிட்டார். வேலை செய்தது. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்தது. அந்த ஊசி மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், அப்புறம் தீ. எண்ணெய் விலையும் இறங்கியது, எக்ஸான் 80களின் தொடக்கத்தில் கடையை மூடிவிட்டது.

அந்த ஊசி ஒரு கம்பெனியையே சாய்த்த கதையும் உண்டு. கனடாவில் மோலி எனர்ஜி என்று ஒரு நிறுவனம். லித்தியம் உலோக பேட்டரியைத் துணிந்து சந்தைக்கே கொண்டு வந்தார்கள். ஜப்பானில் செல்போன்களில் போட்டார்கள். 1989ல் ஒரு போன் தீப்பிடித்தது. எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, கம்பெனி ரிசீவர் கைக்குப் போய்விட்டது. இந்த மோலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்கள்.

சரி, லித்தியத்தை உலோகமாக வைத்தால்தானே ஊசி? வேறு ஒரு பொருளுக்குள் அதைக் குடிவைத்தால் என்ன? இங்கேதான் கரி உள்ளே வருகிறது.

கிராஃபைட் என்பது சீட்டுக்கட்டு மாதிரி. கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகச் சேர்ந்த தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. தாளுக்கும் தாளுக்கும் இடையில் 0.335 நானோமீட்டர் சந்து. லித்தியம் அந்தச் சந்தில் நுழைந்து உட்காரும், வேண்டும்போது வெளியே வரும். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம், அதுதான் வீட்டின் கொள்ளளவு. இந்தக் கணக்குப்படி ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி தாங்கும். உங்கள் போனில் 5000 என்று போட்டிருந்தால், அதற்குக் குறைந்தது பதிமூன்றரை கிராம் கிராஃபைட் உள்ளே இருக்க வேண்டும். (5000ஐ 372ஆல் வகுத்துப் பாருங்கள். நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார்கள்.)

இவ்வளவு லேசான யோசனை என்றால் 70களிலேயே செய்திருக்கலாமே? செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் மியூனிக்கில் யூர்கன் பெசன்ஹார்ட் 70களின் நடுவிலேயே முயன்றார். பிரச்சினை கிராஃபைட்டில் இல்லை, கூட இருக்கும் திரவத்தில். அப்போது எல்லோரும் பயன்படுத்திய திரவம் புரோப்பிலீன் கார்பனேட். லித்தியம் தனியாக உள்ளே போகாமல் இந்தத் திரவத்தின் மூலக்கூறுகளையும் கூட்டிக்கொண்டு போனது. ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வந்து இறங்குவார்களே, அந்த மாதிரி. தாள்கள் பிரிந்து கிராஃபைட் உதிர்ந்தே போனது.

1980ல் பிரான்சின் கிரெனோபிளில் ரஷீத் யசாமி (மொராக்கோவில் பிறந்தவர்) ஒரு நல்ல வழி கண்டார். திரவமே வேண்டாம், பிளாஸ்டிக் மாதிரியான திட மின்பகுளி வைத்துப் பார்க்கலாம் என்று. கிராஃபைட் உதிரவில்லை, லித்தியம் அழகாகப் போய் வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் சமர் பாசு, லித்தியம் புகுந்த கிராஃபைட் எதிர்முனைக்கு 1981ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் யசாமியின் திட மின்பகுளி சாதாரண வெப்பநிலையில் மந்தமாக வேலை செய்தது. கடையில் விற்கும் சரக்காக அது உடனே மாறவில்லை.

அதே 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு, லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்ற நேர்முனைப் பொருளைக் கண்டுபிடித்தது. காமர்ஸ் மாணவர்கள் இந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதற்குக் காப்புரிமை எடுக்க விரும்பவில்லை. குடினஃப் உரிமையை ஹார்வெல்லில் இருந்த பிரிட்டிஷ் அணுசக்தி ஆய்வகத்துக்கு எழுதிக் கொடுத்தார். உலகத்தில் எத்தனை கோடி பேட்டரிக்குள் போகப்போகிற பொருள்! அவர் கைக்கு அதிலிருந்து பணம் வரவில்லை.

இந்தப் பொருளின் விசேஷம், லித்தியம் இதற்குள்ளேயே பொதிந்து வருகிறது என்பது. அப்படியானால் எதிர்முனையில் லித்தியம் இருக்கவே வேண்டாம், காலி வீடாக இருந்தால் போதும். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அந்த வீட்டுக்குப் போகும், பயன்படுத்தும்போது திரும்பி வரும். இதைப் புரிந்துகொண்டு ஒரு முழு பேட்டரியாகச் சேர்த்தவர் ஜப்பானில் அசாஹி கசெய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ.

அசாஹி கசெய் பேட்டரி கம்பெனியே இல்லை. ரசாயனம், துணி இழை செய்கிறவர்கள். யோஷினோ 1981ல் ஆரம்பித்தது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான பாலிஅசிட்டிலீனில். அதற்கு ஜோடியாக ஒரு நேர்முனை தேடிக்கொண்டிருந்தவர், 1982 கடைசியில் அறையைச் சுத்தம் செய்தபோது படிக்காமல் கிடந்த குடினஃப்பின் கட்டுரை கண்ணில் பட்டது. 1983ல் இரண்டையும் சேர்த்தார். ஓடியது. ஆனால் பிளாஸ்டிக் இடத்தை அடைத்தது. எடை குறைந்தாலும் பேட்டரியின் அளவு குறையவில்லை. வீடியோ கேமராவுக்கு அளவு சிறிதாக இருக்க வேண்டுமே!

அப்புறம் அவர் கை வைத்தது எதில் தெரியுமா? ஆவியிலிருந்து வளர்க்கும் கார்பன் இழை. அவருடைய கம்பெனியிலேயே இன்னொரு ஆய்வகத்தில் அதை வேறு வேலைக்காக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சீன் மாதிரியான ஆவியைச் சூடான உலைக்குள் விட்டால், நுண்ணிய இரும்புத் துகள்மேல் கார்பன் இழை முளைக்கும். இன்று நானோ இழை, நானோ குழாய் என்று சொல்கிறோமே, அவற்றின் சொந்தச் சித்தப்பா. அந்த இழையை வைத்து பேட்டரி நன்றாக ஓடியது. புரோப்பிலீன் கார்பனேட் திரவத்திலும் உதிரவில்லை.

ஆக, நானோ கார்பன் பேட்டரிக்குள் 2000க்குப் பிறகு வந்த புது மாப்பிள்ளை இல்லை. பிறந்த அன்றைக்கே அதன் குடும்பத்து ஆள் பிரசவ அறையில் இருந்தார்!

அப்படியென்றால் 1985லேயே ஏன் அதை வைத்துத் தொழிற்சாலை போடவில்லை? ஆய்வகத்தில் கொஞ்சமாக வளர்க்கிற இழை டன் கணக்கில் கிடைக்காது. யோஷினோ அதே மாதிரி உள்ளமைப்பு கொண்ட மலிவான கரியைத் தேடினார். கிடைத்தது பெட்ரோலியக் கோக். கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் எல்லாம் எடுத்தபின் மிஞ்சும் கரி. 1985ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1986ல் ஒரு சோதனை: பேட்டரி மேல் கனமான இரும்பைப் போட்டு நசுக்கினார்கள். லித்தியம் உலோக பேட்டரி குப்பென்று எரிந்தது. கரி வைத்த பேட்டரி எரியவில்லை. அந்த நிமிடத்தில்தான் லித்தியம் அயான் பேட்டரி பிறந்தது என்று யோஷினோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1991ல் சந்தைக்கு முதலில் வந்த சோனியும் கோக்கில்தான் ஆரம்பித்தது. அப்புறம் கடினக் கார்பன், அப்புறம் கிராஃபைட் என்று 90களுக்குள் மாறியது. (ஆடியோ டேப்பில் காந்தப் பூச்சு பூசிய அனுபவம் சோனிக்கு மின்முனைப் படலம் பூசக் கைகொடுத்தது. பழைய தொழில் புதுத் தொழிலுக்கு உதவுவது இப்படித்தான். அதே சோனி 2017ல் பேட்டரித் தொழிலை முராட்டாவிடம் விற்றுவிட்டது என்பது தனிக்கதை.)

கிராஃபைட் உதிராமல் இருக்க வழி கண்டவர்களில் நம்ம மோலி எனர்ஜி ஆட்களும் உண்டு. தீ விபத்தில் கம்பெனி தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில், 1990ல், ஃபாங், ஃபான் சாக்கன், டான் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரோப்பிலீன் கார்பனேட்டுக்குப் பதில் எத்திலீன் கார்பனேட் கலந்தால், முதல் சார்ஜிலேயே கிராஃபைட் மேல் ஒரு மெல்லிய தோல் படிகிறது. அந்தத் தோல் லித்தியத்தை மட்டும் உள்ளே விடுகிறது, திரவத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வாட்ச்மேன் போட்ட மாதிரி! இரண்டு திரவங்களுக்கும் வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டும்தான். இதை ஏன் முன்பே யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்றால், எத்திலீன் கார்பனேட் 36 டிகிரியில்தான் உருகும். நம்ம ஊர் மே மாதத்தில் தானாகத் திரவமாகிவிடும், குளிர்நாட்டு ஆய்வகத்தில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். கட்டியை யார் மின்பகுளியாக எடுப்பார்கள்? வேறு திரவத்தோடு கலக்க வேண்டியிருந்தது.

இதோடு கிராஃபைட்டின் இடம் உறுதியாகிவிட்டது. இப்போது நானோ குழாய்க்கு வருவோம்.

முதலில் பிறப்புச் சான்றிதழ் தகராறு. இஜிமாவுக்கு முன்பே, 1952ல் சோவியத் ஒன்றியத்தில் ரதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் இந்த மாதிரிக் குழாய்களின் படத்தை ரஷ்ய மொழி இதழில் வெளியிட்டிருந்தார்கள். 1976ல் பிரான்சின் ஓர்லியானில் ஆக்னஸ் ஓபெர்லின், மொரினோபு எண்டோ, கோயாமா மூவரும் பென்சீனிலிருந்து வளர்ந்த இழைகளின் நடுவில் வெறும் குழாய் இருப்பதைக் காட்டினார்கள். இழை வளர்க்கும் தொழில்நுட்பத்தைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனதிலும் எண்டோவுக்குப் பெரிய பங்கு. 1991ல் நேரம் கூடி வந்தது, அவ்வளவுதான். பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு 1985ல் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே கார்பன் மயக்கத்தில் இருந்த நேரம் அது.

90களின் பிற்பாதியில் ஆய்வகங்கள் நானோ குழாயை பேட்டரி எதிர்முனையில் போட ஆரம்பித்தன. முடிவுகள் பிரமிக்க வைத்தன. 2000ஐ ஒட்டி, அரைத்துத் துண்டாக்கிய ஒற்றைச்சுவர் நானோ குழாயில் ஒரு கிராமுக்கு 1000 மில்லி ஆம்பியர் மணி வரை கூட வந்தது என்று எழுதினார்கள். கிராஃபைட்டின் 372 எங்கே, 1000 எங்கே! யாருக்குத்தான் ஆசை வராது?

இங்கேதான் நம்ம பாடம் உதவுகிறது. மொத்த லாபம் வேறு, நிகர லாபம் வேறு இல்லையா? அந்த 1000 என்பது மொத்த லாபம். அதிலிருந்து கழிக்க வேண்டியவை நிறைய.

பெரிய கழிவு அந்த வாட்ச்மேன் தோல். அந்தத் தோல் செய்யவே லித்தியம் செலவாகும், செலவானது திரும்பாது. எவ்வளவு செலவாகும் என்பது எவ்வளவு மேற்பரப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பேட்டரி கிராஃபைட் ஒரு கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான். ஒற்றைச்சுவர் நானோ குழாய்க்கு ஏட்டுக்கணக்கில் 1315 சதுர மீட்டர்! பேட்டரிக்குள் லித்தியம் வருவது நேர்முனையிலிருந்து மட்டும், அதுவும் அளந்து போட்டது. முதல் சார்ஜிலேயே அதில் பாதி தோல் செய்யப் போய்விட்டால்? வீட்டு அட்வான்ஸாகவே கையிருப்பில் பாதியைக் கொடுத்து, அதுவும் திரும்பி வராது என்றால் யார் குடிபோவார்கள்?

அடுத்தது வோல்டேஜ். கிராஃபைட் லித்தியத்தை ஏறக்குறைய ஒரே மட்டத்தில், மிகக் குறைந்த வோல்டேஜில் திருப்பித் தரும். எதிர்முனையின் வோல்டேஜ் எவ்வளவு குறைவோ பேட்டரிக்கு அவ்வளவு லாபம். நானோ குழாய் அப்படி இல்லை. ஒரு மட்டத்தில் வாங்கி இன்னொரு மட்டத்தில், சரிவாகத் தரும். உள்ளே போட்ட சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகப் போகும். மூன்றாவது, அது பஞ்சு மாதிரி. ஒரு கிராமில் நிறைய கொள்ளும், ஆனால் அந்த ஒரு கிராம் எவ்வளவு இடம் அடைக்கும்? யோஷினோவின் பிளாஸ்டிக்கைத் தோற்கடித்த அதே கணக்கு. விலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

என் கருத்து, ஆராய்ச்சிக் கட்டுரைகள் பொய் சொல்லவில்லை. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணைத் தலைப்பில் போட்டார்கள், படித்தவர்கள் அதையே பேலன்ஸ் ஷீட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

பணம் போனதற்கு ஒரு உதாரணம் ஜெர்மனியின் பேயர். 2010 ஜனவரியில் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 டன் நானோ குழாய் செய்யும் ஆலையை 2.2 கோடி யூரோ செலவில் திறந்தார்கள். 2013ல் நானோ குழாய் வேலையையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். மூன்று வருடம்! பேட்டரிக்கு மட்டும் நம்பிப் போட்ட ஆலை இல்லை அது. பிளாஸ்டிக், காற்றாலை, விளையாட்டுப் பொருள் என்று நிறைய யோசனை இருந்தது. எந்த ஒன்றும் போதுமான அளவு வாங்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நானோ குழாய் முன்வாசலில் நுழைய முடியாமல் பின்வாசல் வழியாக வந்தது, அதுவும் எதிர்ப்பக்க வீட்டுக்கு.

நேர்முனைப் பொருட்கள் பெரும்பாலும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குடினஃப் குழு 1997ல் டெக்சாஸில் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதில் ரொம்ப மோசம். அதனால் கடத்துவதற்கென்று கார்பன் கருப்புத் தூள் கலப்பார்கள். தூள் என்பது உதிரிப்பூ. மணி மணியாகக் கிடக்கும், ஒன்றை ஒன்று தொட்டால்தான் பாதை. நானோ குழாய் நார். ஒரு நார் பல பூக்களைக் கோர்த்துவிடும். அதனால் தூள் சில சதவீதம் தேவைப்படும் இடத்தில் நானோ குழாய் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். மிச்சமான இடத்தில் மின்சாரம் சேமிக்கும் சரக்கை வைக்கலாம். கிராம் விலை அதிகமானாலும் தேவை கொஞ்சம்தான் என்பதால் கட்டுப்படியாகும். சேமிக்கும் வேலை இல்லாததால், சரிவான வோல்டேஜ் என்ற பழைய புகாரும் இங்கே எடுபடாது.

ஜப்பானின் ஷோவா டெங்கோ (2023 முதல் பெயர் ரெசோனாக்) சுமார் 150 நானோமீட்டர் தடிமனுள்ள ஆவி-வளர் இழையை முதலிலிருந்தே இந்தத் துணைவேலைக்கு விற்றுவந்தது. சீனாவில் 2007ல் தொடங்கிய சீநேனோ, நானோ குழாயைத் தூளாக விற்காமல், பேட்டரி ஆலை அப்படியே கலக்கும்படி பசையாகக் கரைத்துக் கொடுத்தது. 2019ல் ஷாங்காய் பங்குச்சந்தைக்கும் வந்தது. எல்.ஜி. கெம் 2021ல் யோசுவில் 1200 டன் ஆலையைச் சேர்த்து மொத்தம் 1700 டன் ஆக்கியது. பேயர் 200 டன்னை விற்க முடியாமல் மூடிய எட்டே வருடத்தில்! சரக்கு கிட்டத்தட்ட அதேதான். வாங்குகிறவன் மாறினான், மின்சாரக் கார் வந்தது.

எதிர்முனையிலும் இப்போது ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது. சிலிக்கான் ஒரு கிராமுக்கு ஏட்டளவில் 3500 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கொள்ளும். ஆனால் லித்தியம் புகுந்தால் மூன்று நான்கு மடங்கு உப்பி, பிறகு சுருங்கி, உடைந்து போகும். உடைந்த துண்டுகள் மின் தொடர்பை இழக்காமல் வலை மாதிரி பிடித்து வைக்க ஒற்றைச்சுவர் நானோ குழாயைத் துளி சேர்க்கிறார்கள். சிலிக்கானே கூட பெரும்பாலும் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலந்துதான் போகிறது. வீட்டுக்காரர் இன்னும் கிராஃபைட்தான்.

நடுவில் நோபல் பரிசு பற்றி ஒரு வார்த்தை. 2019ல் வேதியியல் நோபல் குடினஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் போனது. குடினஃப்புக்கு அப்போது 97 வயது (2023ல் 100 வயதில் காலமானார்). 2014ல் அமெரிக்கப் பொறியியல் அகாடமியின் டிரேப்பர் பரிசு குடினஃப், யோஷினோ, சோனியின் யோஷியோ நிஷி ஆகியோரோடு யசாமிக்கும் கிடைத்திருந்தது. நோபலில் ஒரு பரிசுக்கு மூன்று பேருக்கு மேல் கிடையாது. இரண்டு முனைகளில் ஒன்றில் ஜெயித்த கிராஃபைட்டுக்காக ஒருவரும் மேடையேறவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கிராஃபைட் மலிவு என்று சொன்னேன், அதிலும் ஒரு கொக்கி. செயற்கை கிராஃபைட்டை கோக்கிலிருந்து 3000 டிகிரி வரை சூடாக்கிச் செய்ய வேண்டும். 1890களில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் தொடங்கிவைத்த முறை இது, மின்சாரத்தை விழுங்கும். இயற்கை கிராஃபைட்டைத் தோண்டலாம், ஆனால் பேட்டரிக்கு 99.95 சதவீதம் தூய்மை வேண்டும், துகளை உருண்டையாக்க வேண்டும். இந்த வேலையில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சீனா சொன்னதும்தான், பென்சில் சரக்குக்கு இவ்வளவு மதிப்பா என்று மற்ற நாடுகள் விழித்தன.

நம்ம பக்கம் சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் தோண்டுகிறது, அங்கேயே சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிறது. அது அதிகமாகப் போவது உலைச் செங்கல், உலோகம் உருக்கும் மூசை மாதிரி வேலைகளுக்கு. அதே மாவட்டத்தில் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து 1948ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. சுரங்கமும் ஆய்வகமும் ஒரே மாவட்டத்தில். இரண்டுக்கும் நடுவில் இல்லாதது, செதிலை உருண்டையாக்கி 99.95க்குக் கொண்டுபோகும் ஒரு பெரிய தொழிற்சாலை.